கலங்கரை விளக்குப் படம் போட்ட கல்

மலையம்மாள் வீட்டு பீரோவைத் திறந்தால் சேலை இருக்காது, கல் இருக்கும். அவள் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் போட்ட சாம்பல் நிற பீரோ அது. சேலைகளெல்லாம் நடுவீட்டு நைலான் கொடியில் தொங்க, பீரோவின் நான்கு தட்டிலும் வெள்ளைத் துணி விரித்து அறுபத்து மூன்று தீட்டுக்கற்கள் படுத்திருந்தன. கத்தி தீட்ட, உளி தீட்ட, சவரக்கத்தி தீட்ட என்று ஒரு காலத்தில் கப்பலில் வந்து, மலைத்தோட்டத்துத் துரைமார் வீடுகளுக்கும் கம்பம், போடி இரும்புக் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்து, யாரும் பிரிக்காமலே தங்கிப்போன கற்கள். ஒவ்வொரு கல்லின் முகத்திலும் வந்த நாளில் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது.

மலையம்மாளுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. தமிழில் பஸ் போர்டும் ரேஷன் கடைப் பலகையும் வாசிப்பாள். அதனால் கற்களுக்கெல்லாம் படத்தை வைத்துத்தான் பெயர். இரட்டைக் கொக்கு, நங்கூரம், குதிரைத்தலை, தொப்பிக்காரன். "குதிரைத்தலையை எடுத்துட்டு வாத்தா" என்று அவள் சொன்னால் மருமகள் ஜோதிகா தடுமாறாமல் இரண்டாவது தட்டில் கை விடுவாள்.

இந்தக் கிறுக்கு திராட்சைத் தோட்டத்தில் பிடித்தது. அனுமந்தன்பட்டிப் பக்கம் பன்னீர்த் திராட்சைக்குக் கவாத்து வெட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. காலை ஆறரைக்குக் கையைத் தூக்கினால் பதினொரு மணிக் கஞ்சிக்குத்தான் இறக்க முடியும். தலைக்குமேல் கம்பிப் பந்தலில் படர்ந்த கொடியை அண்ணாந்து பார்த்து, எத்தனையாவது துளிர்க்கண்ணுக்கு மேலே வெட்டினால் காய் பிடிக்கும் என்று அந்தக் கணத்திலேயே முடிவு செய்ய வேண்டும். கத்திரி மழுங்கியிருந்தால் கொடி நசுங்கும். நசுங்கின இடத்தில் பூஞ்சணம் ஏறும். ஆம்பளைகள் மட்டும் பார்த்த அந்த வேலைக்கு இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மலையம்மாள் போய் நின்றபோது, "பொம்பள வெட்டுனா கொடி காய்க்குமா?" என்று கேட்டார் தோட்டக்காரர். காய்த்தது. பக்கத்துப் பந்தலைவிடக் கூடுதலாகவே காய்த்தது. இன்றைக்கு அவள் நடத்துகிற வேலைக் கொத்தில் ஆணும் பெண்ணுமாகப் பதினாலு பேர்.

"கையில ஒண்ணுமில்ல, எல்லாம் கத்திரியிலதான் இருக்கு. கத்திரியில ஒண்ணுமில்ல, எல்லாம் கல்லுலதான் இருக்கு" என்பாள். இடுப்புச் சுருக்குப் பையில் எப்போதும் ஒரு கல் கிடக்கும். தேய்ந்து தேய்ந்து நடுவில் பள்ளம் விழுந்த கல். அதில் லேபிளும் இல்லை, பேரும் இல்லை. அது சோறு போடுகிற கல். பீரோவில் இருப்பவை பார்க்கிற கற்கள். அவற்றின்மேல் தண்ணீரோ எண்ணெயோ ஒரு சொட்டுப் படக்கூடாது. பட்டால் காகிதம் போச்சு. காகிதம் போனால் அந்தக் கல்லின் ஊரும் வயசும் போச்சு.

இப்படிக் கல் சேர்க்கிறவர்கள் அவளைப்போல இன்னும் நூற்றிருபது பேர் இருக்கிறார்கள் என்பது செல்போன் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு வாட்ஸப் குரூப். அதில் கோயம்புத்தூர் ஆசாரி, திருநெல்வேலியில் சலூன் வைத்திருப்பவர், ரிட்டயர்டு ஆப்பரேஷன் டாக்டர், முண்டக்கயத்தில் ரப்பர்த் தோட்டம் வைத்திருக்கும் சாக்கோ என்று பலதரப்பட்டவர்கள். எல்லாரும் எழுதுவார்கள், மலையம்மாள் மட்டும் பேசி அனுப்புவாள். யாராவது ஒரு கல்லின் படத்தைப் போட்டு "இது நிஜமா?" என்று கேட்டால், "அனுமந்தன்பட்டி அக்கா என்ன சொல்றாங்க?" என்று அடுத்தவர் எழுதுவார். அவள் சரி என்றால் சரி. இப்படி ஒரு பேர் பதினொரு வருஷத்தில் சேர்ந்திருந்தது.

ஆனி மாதம். மேற்கே மலையில் மழை பிடித்துக்கொண்டு, பள்ளத்தாக்கில் காற்றும் சாரலுமாக அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஜோதிகா தேவாரத்தில் தாய்வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தாள். தங்கச்சிக்குப் பிரசவம். பையை வைத்துவிட்டுக் காலைக் கழுவுவதற்குள் மாமியார் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏத்தா, ஒனக்கு ஒண்ணு காட்டணும். நீ ஊர்ல இல்லாதப்ப வந்துருச்சு. கண்ணை மூடு."

"அத்தை, காலு ஈரமா இருக்கு."

"காலு கெடக்கு. பாரு இப்ப."

வெள்ளைத் துணியைப் பிரித்தாள். ஒரு சாண் நீளத்தில் சாம்பல் நிறக் கல். அதன் முகத்தில் மஞ்சளித்துப்போன காகிதம். சிவப்புக் கட்டம் கட்டி நடுவில் ஒரு கலங்கரை விளக்கு, அதன் கீழே அலை, அலைக்குக் கீழே பொடி எழுத்தில் மூன்று வரி.

"லைட்டவுசு! குரூப்ல இது யார்ட்டயும் கெடையாது. படத்துலதான் எல்லாரும் பாத்துருக்காக. போடியில நம்ம வினோத்ராசு இரும்புக் கடை மச்சுல பழைய பெட்டிக்குள்ள கெடந்துச்சாம். நங்கூரத்துல ஒண்ணு, ரெட்டைக் கொக்குல ஒண்ணு, ரெண்டு கல்லைக் குடுத்து மாத்திட்டு வந்தேன். குரூப்ல படம் போட்டதும் சாக்கோ சேட்டன் துடிச்சுப்போயிட்டாரு. வினோத்ராசுட்ட இன்னொண்ணு இருந்துச்சு. நான் ஒரிசினல்னு சொன்னதும் அவரு காசு அனுப்பி அதை வாங்கிட்டாரு."

ஜோதிகா கல்லை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். பிறகு மாமியாரின் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அத்தை, இதுல கடேசி வரியில என்ன எழுதிருக்குனு தெரியுமா?"

"இங்கிலீசு. கம்பெனிக்காரன் பேரா இருக்கும். பொடி எழுத்து, அழிஞ்சுபோய்க் கெடக்கு. குரூப்லயும் அதை ஒருத்தரும் வாசிக்க முடியல."

"தேவாரம் அண்ட் சன்ஸ்."

மலையம்மாள் சிரித்தாள். "நம்ம தேவாரமா? தேவாரத்துக்காரன் எப்பத்தா சீமையில கல்லு வித்தான்?"

"அதை அடிச்சவ நான்தான் அத்தை."

அடுப்படியில் தட்டப்பயறுக் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்த மாமனார் சுருளியாண்டி கரண்டியோடு வெளியே வந்தார்.

ஜோதிகா உத்தமபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டிடிபி கடை வைத்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு கலர் பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். பத்திரிகை, பில் புக், காதுகுத்து அழைப்பு என்று அடித்துக் கொடுப்பாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் வினோத்ராஜ் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். தாத்தா ஞானசிகாமணி ஆரம்பித்த கடைக்கு எழுபத்தைந்து வருஷம் ஆகிறது, அந்தக் காலத்துச் சாமான்களின் லேபிளை எல்லாம் ஷோகேஸில் வைக்கப் போகிறேன், இந்த மாதிரி நாற்பது வேண்டும் என்றான். படத்தில் கடைசி வரி மங்கியிருந்தது. என்ன எழுத்து என்று கேட்டாள். "யாரு வாசிக்கப்போறா, எதையாச்சும் போடுங்க" என்றான். அவள் விளையாட்டாகத் தன் ஊர்ப் பேரைப் போட்டாள்.

"சத்தியமா ஷோகேஸ்னுதான் அத்தை நெனச்சேன். டீத்தண்ணியில நனைச்சுக் காயப் போட்ருக்கான் பாருங்க, இந்த ஓரத்துல."

மலையம்மாள் கல்லை வாங்கினாள். பின்கட்டுக் குழாயடிக்குப் போனாள். அறுபத்து மூன்று கற்களில் ஒன்றின்மேலும் பனி விழக்கூட விடாதவள், குழாயைத் திறந்து கல்லை அதன் அடியில் நீட்டினாள். சிவப்புக் கட்டம் கரைந்து தண்ணீரோடு வழிந்தது. கலங்கரை விளக்கு நீலமாகி, ஊதாவாகி, சிமெண்டுத் தரையில் ஓடியது. பழைய அச்சு மையாக இருந்தால் காகிதம் உரியும், மை கரையாது. சுருக்குப் பையிலிருந்து கத்திரியை எடுத்து அந்தக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தாள். கரகரவென்று மணல் உதிர்ந்தது. சந்தையில் கூறு கட்டி விற்கிற கல்.

"கல்லைத் தூக்குனப்பவே கை சொல்லுச்சு" என்றாள் மெதுவாக. "எடை பத்தலையேன்னு சொல்லுச்சு. நான் கை சொன்னதைக் கேக்கல. ஆசைல காயிதம் சொன்னதைக் கேட்டுட்டேன்."

சாப்பாட்டுக்கு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சோறும் தட்டப்பயறுக் குழம்பும் அப்பளமும். சுருளியாண்டி நன்றாகச் சமைப்பார். பெண்டாட்டி விடியுமுன் தோட்டத்துக்குப் போகிறவள் என்பதால் இருபத்திரண்டு வருஷமாக அடுப்படி அவருடையது. தனக்கு இருக்கிற ஒரு ஏக்கர் வயலையும் இந்த அடுப்பையும் அவர் ஒரே கவனத்தோடு பார்த்துக்கொள்வார்.

"இந்தா, நான் ஒண்ணு சொல்லுறேன் கேளு" என்றார். "அறுபத்து மூணுல ஒண்ணு போச்சு. கழுதை, போனாப் போகுது. குரூப்ல இதைக் கிண்டாத. லேபிளு எங்க அடிச்சதுனு கேப்பான். மருமக கடைப் பேரு வெளிய வரும். போலி லேபிளு அடிக்கிற கடைன்னு ஊர்ல சொன்னா, நாளைக்கு யாரு பத்திரிகை அடிக்க வருவா?"

"சாக்கோ சேட்டன்?"

"அந்த மனுசன் சந்தோசமாத்தான இருக்காரு."

"ஏங்க, கெட்டுப்போன மீனைச் சந்தோசமா ஒருத்தன் வாங்கிட்டுப் போனா நாம சும்மா இருப்பமா?"

"அது வயித்துக்குள்ள போறது. இது பீரோவுக்குள்ள போறது."

"என் வார்த்தை போயிருக்கே. அது எதுக்குள்ள போயிருக்கு?"

சுருளியாண்டி அப்பளத்தை நொறுக்கினார். எர்ணாகுளத்தில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் மகன் விஜயகுமாரிடம் ஜோதிகா போனில் சொல்லிவிட்டிருந்தாள். அவன் உடனே கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"எம்மா, ஒனக்குக் கல்லு பெருசா, எங்க பொழப்பு பெருசா? இவ அந்தக் கடையைத் தொறக்க எம்புட்டு அலைஞ்சானு ஒனக்குத் தெரியாதா? நீ பாட்டுக்குப் பேசி அனுப்பிராத."

"ஏலே, நான் இன்னும் ஒண்ணுமே பேசலைலே. அதுக்குள்ள கத்துற."

"நீ பேசாம இருக்கறப்பத்தான் எனக்குப் பயமா இருக்கு."

ஜோதிகா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலையம்மாள் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "தின்னுத்தா. ஒன்னைக் கேக்காம ஒண்ணும் செய்ய மாட்டேன்."

மறுநாள் காலையில் சாரலோடுதான் வேலை தொடங்கியது. பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு கொத்து முழுக்கப் பந்தலுக்கு அடியில் நின்றது. மலையம்மாள் வெட்டிக்கொண்டே போனாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. மேலே முரட்டுக் கொடியில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலாவது கண்ணுக்கு மேலே சாய்வாக ஒரு வெட்டு. நேற்று வெட்டின நுனிகளில் நீர் கோத்து முகத்தில் சொட்டியது. கொடிக்கு இப்படித்தான், வெட்டின மறுநாள் ஊற்றும், பிறகு துளிர்க்கும்.

கூட வெட்டிக்கொண்டிருந்த முத்துமாரியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னக்கா, இன்னைக்கு வாயே தொறக்கல?"

"ஒரு கொடி கெட்டுப்போச்சுனு வையி. கண்ணுக்குத் தெரியிற நுனியை மட்டும் வெட்டிட்டுப் போனா என்னாகும்?"

"உள்ளாற ஓடிப் பந்தலே போகும்."

"எங்க வெட்டணும்?"

"நல்ல கட்டை தெரியிற மட்டும் கீழ போயி வெட்டணும். நீங்கதான சொல்லிக் குடுத்தீக."

"ஆமா. எனக்கே ஒரு தடவை யாராச்சும் சொல்லணும்னு இருந்துச்சு" என்றாள் மலையம்மாள்.

சாயங்காலம் கடையிலிருந்து வந்த மருமகளிடம் நேராகவே கேட்டாள். "சனிக்கெழமை போடிக்குப் போறேன். ஒன் பேரை நான் வாயில எடுக்க மாட்டேன். என் தப்பை மட்டும் சொல்லுவேன். நீ வர்றியா, வரலையா?"

ஜோதிகா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தாள். "வர்றேன் அத்தை. மிச்ச லேபிளு அவன்ட்ட இருக்கு. அது என் மிஷினுல அடிச்சது."

சனிக்கிழமை மத்தியானம் உத்தமபாளையத்தில் பஸ் ஏறினார்கள். கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் என்று மலையை ஒட்டியே போகிற பஸ். ஜன்னலில் சாரல் அடித்தது. தேவாரத்தில் பஸ் நின்றபோது ஸ்டாண்டு போர்டைப் பார்த்து மலையம்மாள் மருமகளின் தோளில் இடித்தாள். "எங்கத்தா சன்ஸு? ஒருத்தனையும் காணோம்?" ஜோதிகாவுக்கு மூன்று நாளில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

போடி பஜாரில் ஏலக்காய் வாசனை தெருவுக்கே தெரிந்தது. ஞானசிகாமணி இரும்புக் கடையில் வினோத்ராஜ் பிளாஸ்டிக் பைப் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயசு, சிரித்த முகம். கல்லாவில் அவன் மனைவி பிரின்சி. ஆள் போகிறவரை மலையம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து அந்தக் கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மொட்டைக் கல்.

"தம்பி, லைட்டவுசு அணைஞ்சுபோச்சு."

வினோத்ராஜ் கல்லைப் பார்த்தான். பின்னால் நின்ற ஜோதிகாவைப் பார்த்தான். மாமியார் மருமகள் என்பது அவனுக்கு அந்தக் கணத்தில்தான் தெரிந்தது.

"அக்கா, நான் இது பழசுன்னு சொன்னேனா? பழைய பெட்டிக்குள்ள இருந்துச்சுன்னுதான் சொன்னேன். நீங்கதான் பாத்து, பிடிச்சு, மாத்திட்டுப் போனீக."

"நெசந்தான். நான்தான் பாத்தேன். அதுல ஒனக்குப் பாதி, எனக்குப் பாதி. மிச்ச லேபிளு எங்க?"

"எந்த லேபிளு?"

"நாப்பது அடிச்சுக் குடுத்தேன்ணே" என்றாள் ஜோதிகா. "ஷோகேஸுனு சொன்னீகளே. ஷோகேஸ் எங்கனண்ணே இருக்கு?"

"இங்க பாருங்க, வியாவார நேரம். அக்கா குடுத்த ரெண்டு கல்லும் கைமாறிப் போயிருச்சு. வேணும்னா வேற நல்ல கல்லு ஒண்ணு எடுத்துக்கங்க, பேச்சை முடிச்சுக்குவோம்."

மலையம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எனக்குக் கல்லு வேணாம்ப்பா. நான் குடுத்தது போனாப் போகட்டும். ஒரு அஞ்சு நிமிசம் இந்த ஸ்டூல்ல ஒக்காந்து பேசிட்டுப் போறேன்."

செல்போனை எடுத்தாள். குரூப்பைத் திறந்து, மைக்கை அழுத்திப் பிடித்து, தோட்டத்தில் கொத்துக்கு உத்தரவு போடுகிற அதே குரலில் பேசினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். அனுமந்தன்பட்டி மலையம்மா பேசுறேன். நான் ஒரு லைட்டவுசுக் கல்லைப் போட்டு ஒரிசினல்னு சொன்னேன்ல, அது போலி. இப்ப அச்சடிச்ச காயிதம். தண்ணியில பிடிச்சேன், கரைஞ்சுபோச்சு. யார்ட்டயாச்சும் அந்த லேபிளு இருந்தா, கடேசி வரியைப் பெருசாக்கி வாசிச்சுப் பாருங்க. தேவாரம் அண்ட் சன்ஸ்னு இருந்தா அது போலி. கல்லைத் தூக்குனப்பவே எடை பத்தலைனு எனக்குத் தெரிஞ்சுச்சு. ஆசை கண்ணை மறைச்சிருச்சு. ஒங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டேன். முண்டக்கயம் சாக்கோ சேட்டா, நீங்க என் வார்த்தையை நம்பி வாங்குனீக. எங்க வீட்டுக்கு வாங்க. என் பீரோவுல அறுபத்து ரெண்டு கல்லு இருக்கு. எது வேணும்னாலும் எடுத்துக்கங்க. எதுன்னாலும்."

விரலை எடுத்தாள்.

"கடைக்குள்ளயே ஒக்காந்து என்னை அசிங்கப்படுத்திட்டீகள்ல" என்றான் வினோத்ராஜ். அவன் முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

"ஒன் பேரை நான் எங்கப்பா சொன்னேன்? என் பேரைத்தான சொன்னேன். ஒன் பேரைச் சொல்லவேண்டியது நீ."

அப்போது ஜோதிகா கையை நீட்டினாள். "அத்தை, போனைக் குடுங்க."

"வேணாத்தா. நான் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துருக்கேன்."

"நீங்க சொல்ல வேணாம். நான் சொல்லுறேன்." வாங்கி மைக்கை அழுத்தினாள். "வணக்கம். நான் அவுக மருமக, ஜோதிகா. உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டிடிபி கடை வச்சிருக்கேன். அந்த லேபிளை அடிச்சது நான்தான். ஷோகேஸ்ல வைக்கன்னு கேட்டாக, அடிச்சுக் குடுத்துட்டேன். மொத்தம் நாப்பது. இனிமே பழைய லேபிள் மாதிரி எதை அடிச்சாலும் பின்னால வருசமும் கடைப் பேரும் போட்டுத்தான் குடுப்பேன். யாருக்காவது சந்தேகம்னா எனக்குப் படம் அனுப்புங்க. கம்ப்யூட்டர்ல அடிச்சதா இல்லையான்னு நான் பாத்துச் சொல்லுறேன்."

கொடுத்துவிட்டு மூச்சு விட்டாள். காது ரெண்டும் சிவந்திருந்தன.

பிரின்சி கல்லாவிலிருந்து எழுந்தாள். மச்சுப்படி ஏறிப் போனாள். இறங்கி வரும்போது கையில் ஒரு பழுப்புக் கவர். ஜோதிகாவிடம் கொடுத்தாள். "முப்பத்து நாலு இருக்கு. நாலு கல்லு வேற எடங்களுக்குப் போயிருக்கு. அவுக நம்பரெல்லாம் என்ட்ட இருக்குக்கா. நானே கூப்பிட்டுச் சொல்லிர்றேன்." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "மேல போர்டுல தாத்தா பேரு இருக்கு. சொல்லாம கடையை எப்பிடிங்க தொறந்து வைக்கிறது?"

வினோத்ராஜ் பைப் துண்டு ஒன்றை எடுத்து, அளந்ததையே மறுபடி அளந்துகொண்டிருந்தான். "சொல்லு" என்றான் கடைசியில். "நான் சொன்னா நம்ப மாட்டாக. நீயே சொல்லு."

திரும்பி வருகிற பஸ்ஸில் போன் அடங்கவே இல்லை. திட்டி எழுதியவர்கள் இரண்டு பேர். "இதுவரைக்கும் சொன்னதெல்லாம் எப்படி நம்புறது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஜோதிகா வாசித்துக் காட்ட, "நியாயமான கேள்வி. எல்லாத்தையும் மறுபடி பாப்போம்னு போடு" என்றாள் மலையம்மாள். ஏழு பேர் தங்கள் கல்லின் படத்தை ஜோதிகாவுக்கு அனுப்பியிருந்தார்கள். சாக்கோ ஒரே வரி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், சேச்சி.

ஞாயிறு காலையில் சுருளியாண்டி நாட்டுக்கோழி அறுத்தார். மசாலா அரைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து பீரோப் பக்கம் போனார். மூன்றாவது தட்டில் மரப்பெட்டியோடு இருந்த ஒரு கல்லை எடுத்து மடியில் மறைத்துக்கொண்டு அரிசி டிரம்மை நோக்கி நடந்தார்.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல."

"அறுப்புக்காரிதான? வைங்க எடுத்த எடத்துல."

அந்தக் கல்தான் பீரோவின் ராணி. மேகமலைப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்தது. இயற்கையாக மலையில் வெட்டின பச்சைக் கல். உள்ளங்கையில் வைத்தால் ஆற்றுத் தண்ணீர் போலக் குளிரும். லேபிளில் ஒரு பெண் அரிவாளோடு நிற்பாள். தலையில் துணி கட்டி, சேலை மாதிரி ஏதோ ஒன்றை இழுத்துச் செருகி, நேராகப் பார்ப்பாள். வேறெந்த லேபிளிலும் வேலை செய்கிற பொம்பளை கிடையாது. அந்த எஸ்டேட் சாமான் வாங்கினவரின் தோட்டத்தில் பதினொரு நாள் கவாத்து வெட்டி, கூலிக்குப் பதிலாக இதைக் கேட்டு வாங்கி வந்தாள் மலையம்மாள்.

"இது போனா ஒனக்குத் தாங்காது" என்றார் சுருளியாண்டி.

"எதுன்னாலும்னு சொல்லிருக்கேன். எதுன்னாலும்னா எதுன்னாலும்தான். வைங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வைத்தார்.

சாக்கோ குமுளி வழியாகப் பத்தரை மணிக்கு வந்து இறங்கினார். அறுபது வயசு, வெள்ளை வேட்டி, கையில் குடை, தோள்பையில் நேந்திரங்காய் வறுவலும் அந்தப் போலிக் கல்லும். கடைக்காரரின் மனைவி கூப்பிட்டுப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னதாகச் சொன்னார். "பைசா கிடக்கட்டே. சேச்சியோட வாய்ஸ் கேட்டப்போ ஞான் ஒண்ணு நெனச்சு. இந்த பீரோவை ஒருவாட்டி காணணும்."

"பாருங்க. எடுங்க. கையில வச்சுப் பாருங்க" என்று பீரோவைத் திறந்துவிட்டாள்.

மனுஷர் இரண்டு மணி நேரம் பார்த்தார். ஒவ்வொரு கல்லாகத் துண்டில் ஏந்தி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து வைத்தார். ரப்பர் மரம் சீவுகிற கத்திக்காகக் கல் வாங்கத் தொடங்கினவர் அவர். கல்லைப் பிடிக்கிற பிடியிலேயே தெரிந்தது. மலையம்மாள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுப்புக்காரியை அவர் மூன்று தடவை எடுத்தார், மூன்று தடவை வைத்தார். நான்காவது தடவை எடுத்தபோது வைக்கவில்லை.

"சேச்சி... இது?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. ஜோதிகா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல கை ஒங்களுக்கு" என்றாள் மலையம்மாள். "எடுத்துக்கங்க."

"சத்யமாயிட்டும்? வேண்டாம்னு பறஞ்சா எனக்குச் சங்கடம் இல்ல."

"நான் வேணாம்னு சொல்லுவேனா? எடுத்துக்கங்கன்னா எடுத்துக்கங்கதான். தண்ணி மட்டும் காட்டிராதீக."

அவளே வெள்ளைத் துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து, சணலால் கட்டிக் கொடுத்தாள். சாக்கோ பெட்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். தலையை ஆட்டினார். சாப்பிடச் சொல்லியும் உட்காரவில்லை. கல் கையில் வந்த பிறகு அவருக்குச் சோறு இறங்காது என்பது கல் சேர்க்கிறவர்களுக்கு விளங்குகிற விஷயம். ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்கச் சாரலில் குடையை விரித்து நடந்தார். குடை அவர் தலைக்கு இல்லை, பெட்டிக்குத்தான் இருந்தது.

சுருளியாண்டி பீரோவின் மூன்றாவது தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எடுத்துட்டாருப்பா. நெசமாவே எடுத்துட்டாரு. ஒரு பேச்சுக்குச் சொன்னா..."

"நான் பேச்சுக்குச் சொல்லல. அந்தாளுக்கு அது வெளங்கிருக்கு. நாளைக்குக் குரூப்ல நான் எதையாச்சும் சரின்னு சொன்னா, இனி நம்புவாக. வாங்க, பசிக்குது."

இலை போட்டார்கள். சுடுசோறு, கோழிக் குழம்பு, நேந்திரங்காய் வறுவல். சுருளியாண்டிக்கு வாய்க்குள் போகவில்லை. மலையம்மாள் குழம்பைச் சோற்றில் பிசைந்து, எலும்பை உறிஞ்சி, நிதானமாகச் சாப்பிட்டாள். ஜோதிகா எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தாள்.

"அத்தை, அழுதுருவீகனு நெனச்சேன்."

"அழணும்னா நாளைக்கு வெள்ளெனப் பந்தலுக்கடியில வச்சுக்கிர்றேன்த்தா. அங்கன கொடியே சொட்டுச் சொட்டா ஊத்தும். எது கொடித் தண்ணி, எது என் தண்ணினு ஒரு பயலுக்கும் தெரியாது. இப்ப அந்தக் கொழம்புச் சட்டியை இங்கிட்டு நகத்து."